அகதிகளைப் பற்றி முதல் கூட்டம் நடத்தப் போகிறவர்களுக்கு

பள்ளியிலோ நூலகத்திலோ வேலை செய்யும் இடத்திலோ முப்பது பேரைக் கூட்டி, அகதிகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. எங்கே தொடங்குவது, எந்தப் படத்தைக் காட்டுவது, யாராவது கோபமாகக் கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை. அந்த இடத்தில் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கேட்பவர்களை அழவைப்பது பெரிய வேலை இல்லை. 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் உயிரற்று ஒதுங்கிய ஆலன் குர்தி என்ற சிரியச் சிறுவனின் படம் உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. ஸ்வீடனில் செஞ்சிலுவைச் சங்கம் சிரிய அகதிகளுக்காகத் திரட்டிக்கொண்டிருந்த நிதிக்கு வந்த நன்கொடை அந்த வாரத்தில் பல மடங்கு ஏறியது. சில வாரங்களில் மளமளவென்று இறங்கியும் விட்டது. போர் மட்டும் நடந்துகொண்டே இருந்தது. பின்னால் இதை ஆய்வாளர்களே கணக்கிட்டு எழுதினார்கள். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் கூட்டத்தின் வேலை புரியவைப்பது. ஒருவர் எப்படி அகதி ஆகிறார், எல்லை தாண்டிய மறுநாளிலிருந்து அவருக்கு என்ன நடக்கிறது, அவர் வாழ்க்கையை யார் எந்த மேசையில் தீர்மானிக்கிறார்கள் என்பது ஒருவருக்கு விளங்கிவிட்டால், அடுத்த முறை செய்தி பார்க்கும்போது அவர் வேறு ஆளாகப் பார்ப்பார். கீழே சொல்லும் எல்லாம் அதற்காகத்தான்.

முதல் வேலை: யார் யார் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

அகதி, தஞ்சம் கோருபவர், உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர், நாடற்றவர், பிழைப்புக்காக வெளிநாடு போனவர் என்று எல்லாரும் செய்தியில் ஒரே குவியலாக வருகிறார்கள். கூட்டத்தில் வரும் கோபமான கேள்விகளில் பாதி இந்தக் குழப்பத்தில் பிறப்பவை. ஆகவே பேச்சைத் தயாரிக்கும் முன் இதை மனதில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

1951 ஜூலை 28 அன்று ஜெனீவாவில் கையெழுத்தான அகதிகள் ஒப்பந்தம்தான் அடிப்படை. இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தால் சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர், தன் நாட்டின் பாதுகாப்பை நாட முடியாதவர் அல்லது அஞ்சி நாட விரும்பாதவர்தான் அகதி. இந்த ஒப்பந்தம் முதலில் 1951க்கு முந்தைய நிகழ்வுகளால் அகதியானவர்களுக்கு மட்டுமே பொருந்தியது. இரண்டாம் உலகப் போரில் சிதறிய ஐரோப்பியர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது அது. 1967இல் வந்த கூடுதல் உடன்படிக்கைதான் அந்தக் காலக்கெடுவை நீக்கியது. போர் என்ற சொல் அந்த ஐந்து காரணங்களில் இல்லை என்பதையும் கவனியுங்கள். அந்தக் குறையை ஆப்பிரிக்க நாடுகள் 1969இல் தங்களுக்கென ஓர் ஒப்பந்தம் போட்டு நிரப்பின. லத்தீன் அமெரிக்க நாடுகள் 1984இல் கார்த்தகேனா பிரகடனத்தில் அதையே செய்தன. 

தஞ்சம் கோருபவர் என்பவர் விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர். அவருடைய விண்ணப்பம் தள்ளுபடியானால், அவர் பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை. அந்த வரையறைக்குள் அவர் கதை வரவில்லை, அல்லது அதை நிரூபிக்க அவரிடம் ஒன்றும் இல்லை என்றும் இருக்கலாம். ஓடி வருகிறவர் தன்னைத் துன்புறுத்தியவரிடம் ரசீது வாங்கிக்கொண்டா வருவார்?

உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர் எல்லையைத் தாண்டாதவர். அவருக்கென்று உலக அளவில் ஒப்பந்தம் எதுவும் இல்லை; 1998இல் ஐ.நா. வகுத்த வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன, அவ்வளவுதான். அவரைப் பாதுகாக்க வேண்டிய பொறுப்பு அவருடைய அரசிடமே இருக்கிறது. பல சமயம் அவர் அஞ்சி ஓடுவதே அந்த அரசைக் கண்டுதான். நாடற்றவர் என்பவர் எந்த நாடும் தன் குடிமகனாக ஏற்காதவர். மியான்மரின் 1982 குடியுரிமைச் சட்டத்தால் ரோஹிங்கியா மக்களில் பெரும்பாலோர் இப்படி ஆனார்கள். 2017 ஆகஸ்ட்டுக்குப் பிறகு அவர்களில் ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் வங்கதேசத்துக்கு ஓடியபோது, நாடற்றவராகவும் அகதியாகவும் ஒரே நேரத்தில் இருந்தார்கள்.

"பருவநிலை அகதி" என்ற சொல் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு கிடையாது, வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் பயந்து கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் தங்கள் நாட்டுக்குள்ளேயேதான் இருக்கிறார்கள். இவ்வளவு சொன்னால் போதும், அந்த விவாதத்துக்குள் முதல் கூட்டத்தில் போக வேண்டாம்.

கடைசியாக, ஒப்பந்தத்தின் 33ஆவது பிரிவு. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து உள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது அது. வேறு எதை மறந்தாலும் கேட்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு போகட்டும். வங்கதேசம், ஜோர்டான், லெபனான், பாகிஸ்தான், இந்தியா ஆகிய நாடுகள் 1951 ஒப்பந்தத்தில் சேரவில்லை. ஆனால் லட்சக்கணக்கான அகதிகளைப் பல ஆண்டுகளாகத் தாங்கி வருவதில் இந்த நாடுகளும் உண்டு. கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாம் நல்லவர்கள், போடாதவர்கள் கெட்டவர்கள் என்று பிரிக்கத் தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு நெருக்கடியை எடுங்கள்

சிரியா, உக்ரைன், ஆப்கானிஸ்தான், சூடான், காங்கோ, மியான்மர் என்று ஒரு மணி நேரத்தில் உலகத்தைச் சுற்றி வந்தால் எந்த இடமும் மனதில் நிற்காது. ஒன்றை மட்டும் எடுத்து, அதை நன்றாகப் படியுங்கள். எதை எடுப்பது என்று கேட்டால், தொலைக்காட்சியில் குறைவாக வரும் ஒன்றை எடுங்கள் என்பேன். 

உதாரணத்துக்கு சூடான். 2023 ஏப்ரல் 15 அன்று அந்நாட்டு ராணுவத்துக்கும் அதிவிரைவு ஆதரவுப் படை என்ற துணை ராணுவத்துக்கும் இடையே தலைநகர் கார்ட்டூமில் சண்டை வெடித்தது. 2024 முடிவில் சூடானில் வீட்டை விட்டு விரட்டப்பட்டவர்கள் 1.43 கோடி பேர். உலகில் வேறு எந்த நாட்டிலும் இவ்வளவு பேர் இல்லை. அவர்களில் 1.16 கோடி பேர் சூடானுக்குள்ளேயே இருந்தார்கள். எல்லை தாண்டியவர்கள் எகிப்துக்கும் சாடுக்கும் தெற்கு சூடானுக்கும் போனார்கள். சாடும் தெற்கு சூடானும் உலகின் மிக ஏழ்மையான நாடுகளில் சேர்ந்தவை. தெற்கு சூடானுக்குப் போனவர்களில் பலர், முன்பு அங்கு நடந்த போருக்குப் பயந்து சூடானுக்கு வந்திருந்தவர்கள். பத்து வருடத்துக்குள் இரண்டு திசையிலும் ஓடியவர்கள்.

இந்த ஒரு பத்தியிலேயே எவ்வளவு விளங்குகிறது பாருங்கள். பெரும்பாலோர் எல்லையைத் தாண்டவில்லை. தாண்டியவர்கள் பக்கத்து நாட்டுக்குப் போனார்கள். அந்தப் பக்கத்து நாடும் பணக்கார நாடு இல்லை. உலகம் முழுவதும் இதேதான் நடக்கிறது. உங்கள் ஒரு நெருக்கடி மற்றவற்றுக்கும் வாசல் திறந்துவிடும்.

படிக்கும்போது சண்டை எப்போது எதனால் தொடங்கியது, யார் எந்தத் திசையில் போனார்கள், எல்லையில் யார் பதிவு செய்கிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போக முடிகிறதா, பெரியவர்கள் வேலை செய்ய அனுமதி உண்டா என்று தேடுங்கள். கடைசி இரண்டும் முக்கியம். வேலை செய்யும் உரிமை இல்லாத இடத்தில்தான் உதவிப் பொருளை நம்பியே இருக்க வேண்டிய நிலை வருகிறது. "உழைக்காமல் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்" என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலும் அங்கேதான் இருக்கிறது.

எண்களைக் கையாளும் விதம்

ஐ.நா. அகதிகள் ஆணையம் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் உலக நிலவரத்தை அறிக்கையாக வெளியிடும். 2024 முடிவில் போர், துன்புறுத்தல், வன்முறை ஆகியவற்றால் விரட்டப்பட்டவர்கள் 12.32 கோடி பேர். இந்த எண்ணை "உலகில் 12 கோடி அகதிகள்" என்று சொல்பவர்கள் ஏராளம். அது தவறு. அதில் 7.35 கோடி பேர் சொந்த நாட்டுக்குள் இடம்பெயர்ந்தவர்கள். அகதிகளும் அவர்களைப் போலப் பாதுகாப்புத் தேவைப்படுபவர்களும் 4.27 கோடி. தஞ்சம் கோரிக் காத்திருப்பவர்கள் 84 லட்சம். (சிலர் இரண்டு பிரிவிலும் வருவதால், இவற்றைக் கூட்டினால் மொத்தத்தைவிடச் சற்று அதிகமாக வரும்.) பாலஸ்தீன அகதிகளில் 59 லட்சம் பேரைக் கவனிப்பது 1949இல் அமைக்கப்பட்ட வேறொரு ஐ.நா. நிறுவனம் என்பதும் கணக்கைப் படிக்கும்போது தெரிந்திருக்க வேண்டும்.

எண் ஒன்றைச் சொன்னால் அது எந்த ஆண்டின் முடிவுக்கானது, யாரைச் சேர்த்தது, யாரைச் சேர்க்காதது என்பதையும் கூடவே சொல்லுங்கள். சொல்ல முடியாத எண்ணை விட்டுவிடுங்கள். "அகதி ஒருவர் சராசரியாக 17 வருடம் முகாமில் இருக்கிறார்" என்ற வரியை நீங்களே எங்காவது படித்திருக்கலாம். நீண்ட காலமாகத் தீராத நெருக்கடிகள் எத்தனை ஆண்டு நீடிக்கின்றன என்று பழைய மதிப்பீடு ஒன்று சொன்னதை, தனி மனிதர்களின் கணக்காக மாற்றிப் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முகாம் என்பதும் அதில் சேராது, ஏனென்றால் அகதிகளில் பெரும்பாலோர் முகாமிலேயே இல்லை. நகரங்களில் வாடகை அறைகளில் இருக்கிறார்கள். நல்ல நோக்கத்தோடு சொன்னாலும் தவறான எண் தவறுதான். கூட்டத்தில் ஒருவர் கைப்பேசியில் சரிபார்த்துவிட்டால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளும் அதோடு போய்விடும்.

மூன்று எண்ணுக்கு மேல் சொல்லாதீர்கள். 2024 முடிவின்படி என் தேர்வு இதுதான்: இடம்பெயர்ந்தவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் எல்லையைத் தாண்டாதவர்கள், தாண்டியவர்களில் 67 சதவீதம் பேர் பக்கத்து நாட்டில் இருக்கிறார்கள், 73 சதவீதம் பேர் இருப்பது குறைந்த அல்லது நடுத்தர வருமானமுள்ள நாடுகளில்.

அனுபவித்தவரைப் பேச அழைப்பது

இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். இங்கே தவறினால் அடிபடுவது நீங்கள் அல்ல, அழைத்து வந்த மனிதர்.

அகதியாக வாழ்ந்த ஒருவர் நேரில் வந்து பேசுவதைப் போல வேறு எதுவும் மனதில் பதியாது என்பது உண்மை. ஆனால் "உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்" என்று மேடையில் கேட்பது, தன் வாழ்க்கையின் மிகக் கொடுமையான நாளை முன்பின் தெரியாதவர்களுக்கு முன்னால் திரும்ப வாழச் சொல்வது. அவர் எதைப் பற்றிப் பேச விரும்புகிறார் என்று முதலில் கேளுங்கள். பலருக்குத் தப்பி வந்த கதையைவிட, வந்த பிறகு படிப்புச் சான்றிதழை ஒப்புக்கொள்ளாத அலுவலகத்தைப் பற்றியோ, தாங்கள் நடத்தும் தையல் கடையைப் பற்றியோ, பிள்ளையின் தேர்வைப் பற்றியோ சொல்லத்தான் விருப்பம் இருக்கும். அதைப் பேசட்டும். கேட்பவர்களுக்கும் அதில்தான் அதிகம் புரியும்.

அழைக்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். யார் வருகிறார்கள், எத்தனை பேர், யாராவது படம் எடுப்பார்களா, பேச்சைப் பதிவு செய்வீர்களா, அது இணையத்தில் போகுமா, எவ்வளவு நாள் இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சம்மதம் என்பது முதல் நாள் ஒரு முறை தலையாட்டியதோடு முடிவதில்லை. கூட்டத்துக்கு முந்தைய இரவு "வேண்டாம்" என்றாலும், மேடையில் பாதியில் நிறுத்தினாலும், ஒரு மாதம் கழித்து "அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள்" என்றாலும் காரணம் கேட்காமல் செய்ய வேண்டும். உங்கள் அமைப்பு அவருக்கு ஏதாவது உதவி செய்துகொண்டிருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். உதவி நின்றுவிடுமோ என்ற பயத்தில் சொல்லும் "சரி" சம்மதம் ஆகாது.

பெயர், சொந்த ஊர், இப்போது தங்கியிருக்கும் இடம், எந்த வழியாக வந்தார், யார் உதவினார்கள் ஆகிய ஐந்தும் பொது இடத்தில் வரக் கூடாதவை, அவரே விளைவு தெரிந்து சொல்ல விரும்பினால் தவிர. ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அதனால் ஆபத்து வரலாம். தஞ்ச விண்ணப்பம் நிலுவையில் இருந்தால், மேடையில் உணர்ச்சியில் தேதி மாறிச் சொன்ன ஒரு வாக்கியம் பிற்பாடு அவருக்கு எதிராகவே நிற்கலாம். விண்ணப்பம் நிலுவையில் இருப்பவரை வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டே பேசச் சொல்லுங்கள். புகைப்படத்தில் முகத்தை மறைத்தால் மட்டும் போதாது. பின்னால் தெரியும் கட்டடம், சட்டையில் உள்ள பள்ளிப் பெயர், படக் கோப்பில் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவல் எல்லாம் காட்டிக்கொடுக்கும். குழந்தைகளின் முகம் வேண்டவே வேண்டாம்.

அவருடைய நேரத்துக்குப் பணம் கொடுங்கள். வேறு எந்தப் பேச்சாளருக்கும் கொடுப்பதைப் போலக் கொடுங்கள், பயணச் செலவையும் சேர்த்து. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அவருக்குப் பிடித்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே மொழி பேசுகிற ஆள் என்பதாலேயே எதிர்த் தரப்பைச் சேர்ந்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட முடியும். கேள்வி நேரத்தில் வரம்பு மீறிய கேள்வி வந்தால் அதைத் தடுப்பது உங்கள் பொறுப்பு, அவருடையது அல்ல. அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள்.

பேச யாரும் கிடைக்கவில்லையா? பரவாயில்லை. அதற்காக ஒருவரை வற்புறுத்துவதைவிட, அவர் இல்லாமலே கூட்டத்தை நடத்துவது நல்லது.

அந்த ஒரு மணி நேரம்

கூட்டம் தொடங்கும் முன்பே தரையில் ஒட்டு நாடாவால் ஒரு செவ்வகம் வரையுங்கள். மூன்றரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். உள்ளே வருபவர்கள் என்ன இது என்று பார்ப்பார்கள். எதுவும் சொல்லாதீர்கள்.

வந்தவர்களில் ஐந்து பேரை அதற்குள் நிற்கச் சொல்லித் தொடங்குங்கள். நெருக்கடிக் காலத்தில் மனிதருக்குக் குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்று மனிதாபிமான அமைப்புகள் சேர்ந்து வகுத்த ஸ்பியர் தரநிலைகள் இருக்கின்றன. அதன்படி, ஒருவர் வாழக் கூரையுள்ள இடம் குறைந்தது 3.5 சதுர மீட்டர், சமையலுக்கும் குளியலுக்கும் உள்ள இடம் தவிர. ஐந்து பேருக்கு அந்தச் செவ்வகம். இப்போது ஒவ்வொருவரையும் படுத்துத் தூங்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு படிக்கும் பெண் எங்கே உட்கார்ந்து படிப்பாள்? பாட்டி எங்கே உடை மாற்றுவார்? அவர்களே தங்களுக்குள் பேசிக்கொள்ள ஆரம்பிப்பார்கள். அப்போது நீங்கள் பேசாமல் இருங்கள்.

அடுத்து, பதினைந்து லிட்டர் தண்ணீரை ஒரு வாளியில் நடுவில் வையுங்கள். குடிக்க, சமைக்க, கழுவ, குளிக்க என்று ஒருவருக்கு ஒரு நாளைக்கான குறைந்தபட்ச அளவு அது. ஒரு குழாய்க்கு 250 பேர். இருபது பேருக்கு ஒரு கழிப்பறை. இதுவும் கிடைத்தால்தான். பல இடங்களில் நிதி வராததால் இந்த அளவுகூடக் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லுங்கள். இதைப் பரிதாபத்துக்காகச் செய்யவில்லை. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு இடம் என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருக்கிறது, அதற்குப் பணம் எங்கிருந்தோ வர வேண்டியிருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

மூன்றாவது, காகிதங்கள். "பத்து நிமிடத்தில் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், என்ன எடுப்பீர்கள்?" என்ற பயிற்சியை எல்லாரும் செய்கிறார்கள். அது விளையாட்டாக முடிந்துவிடும் என்பதால் நான் இப்படி மாற்றிச் செய்யச் சொல்வேன்: கிளம்பிவிட்டீர்கள், எல்லையில் அதிகாரி கேட்கிறார். நீங்கள் யார் என்று எதை வைத்து நிரூபிப்பீர்கள்? இந்தக் குழந்தை உங்கள் குழந்தை என்பதை? நீங்கள் செவிலியர் என்பதை? ஊரில் உள்ள நிலம் உங்களுடையது என்பதை, பத்து வருடம் கழித்துத் திரும்பும்போது? ஒவ்வொருவரும் தாளில் எழுதட்டும். பெரும்பாலானவர்கள் "எல்லாம் போனில் இருக்கிறது" என்று எழுதுவார்கள். அகதி கையில் ஏன் ஸ்மார்ட்போன் என்று யாராவது கேட்கும் முன்பே பதில் வந்துவிடும்.

இந்த இடத்தில் நான்சென் கடவுச்சீட்டைப் பற்றிச் சொல்வது பொருத்தம். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு வெளிநாடுகளில் சிதறியிருந்த லட்சக்கணக்கான ரஷ்யர்களின் குடியுரிமையைப் புதிய அரசு ரத்து செய்தது. எந்த நாட்டுக் காகிதமும் இல்லாமல் நின்றவர்களுக்காக, நார்வேக்காரரான ஃப்ரிட்யோஃப் நான்சென் 1922இல் ஓர் அடையாளப் பத்திரத்தைக் கொண்டு வந்தார். துருவப் பயணங்களுக்குப் பெயர்பெற்றவர், அப்போது ஐ.நா.வுக்கு முன்னோடியான பன்னாட்டுச் சங்கத்தின் அகதிகள் ஆணையராக இருந்தவர். ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசுகள் அதை ஏற்றன. ஒரே ஒரு தாள் ஒரு மனிதரை மறுபடி நடமாட வைத்தது. அகதிப் பாதுகாப்பு என்றால் கூடாரமும் அரிசியும்தான் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் செய்தி கண்ணைத் திறக்கும்.

இவ்வளவுக்கும் நாற்பது நிமிடம் ஆகும். மீதி இருபதையும் கேள்விகளுக்கு விடுங்கள்.

கேள்விகள் வரும், கடினமாகவே வரும்

கோபமாகக் கேட்பவரை எதிரியாகப் பார்க்காதீர்கள். வாய் திறந்து கேட்கிறாரே, அதுவே பெரிது. அவருக்குப் பின்னால் அதே சந்தேகத்தோடு வாயை மூடிக்கொண்டு பத்துப் பேர் இருப்பார்கள்.

"சட்ட விரோதமாக வந்தவர்கள்தானே?" என்று கேட்டால், 1951 ஒப்பந்தத்தின் 31ஆவது பிரிவைச் சொல்லுங்கள். ஆபத்திலிருந்து நேரடியாக வந்து, தாமதமின்றி அதிகாரிகளிடம் தன்னைத் தெரியப்படுத்திக் காரணம் சொல்லும் அகதியை, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது அது. எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது: துன்புறுத்தும் அரசிடம் போய்க் கடவுச்சீட்டு கேட்டு வரிசையில் நிற்க யாராலும் முடியாது.

"அவர்களோடு குற்றவாளிகளும் வந்துவிட்டால்?" நியாயமான கேள்வி. போர்க் குற்றம், மனித குலத்துக்கு எதிரான குற்றம் போன்றவற்றைச் செய்தவர் அகதி ஆக முடியாது என்று அதே ஒப்பந்தம் முதல் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. விசாரணை, நேர்காணல், பதிவு எல்லாம் அதற்காகத்தான் நடக்கின்றன. பதிவு செய்யும் முறை ஒழுங்காக இருந்தால் அகதிக்கும் நல்லது, ஏற்கும் நாட்டுக்கும் நல்லது.

"எல்லாரும் பணக்கார நாட்டுக்குத்தானே ஓடுகிறார்கள்?" என்பதற்கு உங்கள் மூன்று எண்கள் இருக்கின்றன. கூடவே மறுகுடியமர்த்தலைப் பற்றியும் சொல்லலாம். முதலில் தஞ்சமடைந்த நாட்டிலிருந்து விமானத்தில் ஏற்றி வேறு நாட்டில் குடியேற்றும் வாய்ப்பு, ஓர் ஆண்டில் உலக அகதிகளில் நூற்றில் ஒருவருக்குக்கூடக் கிடைப்பதில்லை.

"நம்மிடமே ஏழைகள் இருக்கிறார்களே?" இந்தக் கேள்விக்குப் புள்ளிவிவரத்தால் பதில் சொல்லாதீர்கள். கேட்பவர் தன் வாழ்க்கையிலிருந்து கேட்கிறார். அவர் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். மருத்துவமனையில் கூட்டம், வாடகை உயர்வு, கூலி குறைவு என்று அவர் சொல்லும் கஷ்டம் உண்மையானது, அதை மறுக்காதீர்கள். அகதிகள் அதிகம் தங்கும் பகுதிகளில் பள்ளியும் மருத்துவமனையும் குழாயும் உள்ளூர்க்காரர்களுக்கும் சேர்த்தே கட்டப்பட வேண்டும் என்பதை 2018இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற அகதிகளுக்கான உலகளாவிய உடன்பாடும் சொல்கிறது. இருவரும் ஒரே வரிசையில் நிற்பவர்கள். வரிசையை ஏன் யாரும் நீட்டவில்லை என்று சேர்ந்து கேட்கலாம்.

"உதவி அமைப்புகள் போரில் எதிரிக்கும் மருந்து கொடுக்கின்றனவே, இது என்ன நியாயம்?" என்றும் யாராவது கேட்பார். மனிதநேயம், பாரபட்சமின்மை, நடுநிலைமை, சார்பின்மை என்ற, மனிதாபிமானப் பணியின் நான்கு கொள்கைகளை விளக்க அது நல்ல சந்தர்ப்பம். ஒரு தரப்புக்கு மட்டும் உதவினால் சோதனைச் சாவடியை நாளை யாரும் திறந்துவிட மாட்டார்கள். இந்தக் கொள்கைகளுக்காக உயிரை விட்டவர்கள் உண்டு. 2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாதில் ஐ.நா. அலுவலகத்தில் நடந்த குண்டுவெடிப்பில் இறந்த 22 பேரின் நினைவாகத்தான் அந்த நாள் உலக மனிதாபிமான தினமாக இருக்கிறது.

பதில் தெரியாத கேள்வி வந்தால் "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். சொன்னபடி பதிலையும் அனுப்புங்கள்.

வதந்திகளுக்கு ஒரு குறிப்பு. பழைய படத்தை வேறு ஊர்ப் பெயரோடு அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. படத்தைத் தலைகீழ்த் தேடலில் (சொல்லுக்குப் பதில் படத்தையே கொடுத்து இணையத்தில் தேடும் வசதி) போட்டு முதலில் எப்போது வெளிவந்தது என்று பார்க்கும் முறையைத் திரையில் ஒரு தடவை செய்து காட்டுங்கள், இரண்டு நிமிடம்தான் ஆகும். வதந்தியை மறுக்கும்போது உண்மையை முதலில் சொல்லுங்கள். பொய்யைத் தலைப்பாக வைத்தால் அதுதான் நினைவில் தங்கும்.

கூட்டம் முடியும்போது என்ன கேட்பது

"நான் என்ன செய்யலாம்?" என்று கேட்டு யாராவது உங்களிடம் வருவார்கள். கையில் பதில் இல்லாவிட்டால் அந்த ஆர்வம் வாசலிலேயே வடிந்துவிடும். செய்யக்கூடிய ஒன்றை முன்னாலேயே தீர்மானித்து வையுங்கள்.

பழைய துணியையோ மருந்தையோ சேகரிக்கச் சொல்லாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் சுமார் 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. பாதிக்கும் மேல் அந்நாட்டு மருந்துப் பட்டியலில் இல்லாதவை, பல அட்டைகளில் எழுதியிருந்தது அங்குள்ளவர்களுக்குப் புரியாத மொழி. பிரித்து வைக்கவும் அழிக்கவும் தனியாக ஆளும் பணமும் தேவைப்பட்டன. உதவி என்றால் பெரும்பாலும் பணம்தான் நல்லது. நம்பகமான அமைப்புக்கு, கணக்கு வெளியிடுகிற அமைப்புக்கு. சந்தை இயங்கும் இடத்தில் கையில் பணம் கிடைத்தால், தன் பிள்ளைக்குச் செருப்பு வேண்டுமா பால் வேண்டுமா என்று தாயே தீர்மானிப்பாள். அவளுக்கு அது தெரியும்.

பணம் இல்லாதவர்களும் செய்ய நிறைய இருக்கிறது. மொழி சொல்லிக்கொடுக்கலாம், விண்ணப்பப் படிவம் நிரப்ப உதவலாம், மருத்துவமனைக்குத் துணையாகப் போகலாம். இந்த வேலைகளைச் செய்துகொண்டிருக்கும் குழு ஒன்றைக் கூட்டத்துக்கு முன்பே கண்டுபிடித்து, அவர்களுக்கு இப்போது என்ன தேவை என்று கேட்டு வையுங்கள். அகதிகளே நடத்தும் குழுவாக இருந்தால் இன்னும் நல்லது.

அதற்கு அப்புறம்

ஜூன் 20 உலக அகதிகள் தினம், 2001இலிருந்து கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த ஒரு நாளில் மட்டும் கூட்டம் போட்டுவிட்டு அடுத்த ஜூன் வரை மறந்துவிடும் பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. முடிந்தால் உங்கள் கூட்டத்தை வேறு மாதத்தில் வையுங்கள். வந்தவர்கள் கிளம்பும் முன் இரண்டே கேள்வி எழுதித் தரச் சொல்லுங்கள்: இன்று புதிதாகத் தெரிந்துகொண்டது என்ன, இன்னும் ஒப்புக்கொள்ள முடியாதது என்ன. இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்களில்தான் உங்கள் அடுத்த கூட்டத்தின் பொருள் இருக்கிறது.

பேச வந்தவருக்கு மறுநாளே போன் செய்யுங்கள். எப்படித் தூங்கினார் என்று கேளுங்கள், எதையாவது நீக்க வேண்டுமா என்றும் கேளுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து, நீங்கள் எடுத்த அந்த நெருக்கடியில் என்ன மாறியிருக்கிறது என்று வந்தவர்களுக்கு நாலு வரி எழுதி அனுப்புங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். ஜூனில் புதிய அறிக்கை வந்ததும் உங்கள் குறிப்பில் உள்ள எண்களை அந்த வாரமே திருத்திவிடுங்கள்.